பள்ளித் தோட்டம்: முதல் பாத்தி போடும் ஆசிரியருக்கு

ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் பொறுப்புகளைப் பிரிக்கும்போது, யாரும் கேட்டு வாங்காமல் கடைசியில் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் தோட்டப் பொறுப்புதான். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறைப் பகுதியில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் எனக்கும் அது அப்படித்தான் வந்து சேர்ந்தது. இப்போது பதினோராவது ஆண்டாக அதை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் ஏதோ ஒன்றில் இந்த ஆண்டு முதன்முறையாக மண்வெட்டியை எடுக்கப்போகும் ஆசிரியருக்காக, நான் கற்றதையும் தவறியதையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை கிலோ கீரை விளைந்தது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். ஒரு பிள்ளை தன் கையால் ஒரு விதையை ஊன்றி, முளைக்கும்வரை காத்திருந்து, முளைத்ததை அளந்து எழுதி, வாடினால் ஏன் வாடியது என்று தானே யோசித்தால், அந்தப் பாத்தி தன் வேலையைச் செய்துவிட்டது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதை மனத்தில் வைத்தே அமைந்தது. பெரியவர் செய்தால் பத்து நிமிடத்தில் முடியும் வேலையைப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பொறுமை ஆசிரியருக்கு வேண்டும். மற்ற கருவிகளையெல்லாம் கடையில் வாங்கிவிடலாம்.

மண்ணைத் தொடும் முன் மனிதர்களிடம் பேசுங்கள்

தலைமையாசிரியரின் ஒப்புதலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சிறு தொகையும் கேட்டால் கிடைத்துவிடும். பெற்றோரின் மன ஒப்புதல் அவ்வளவு எளிதில் கிடைக்காது. ‘தோட்டம்’ என்ற சொல்லுக்கு இந்த நாட்டுத் தமிழர் வாழ்வில் ஒரு கனம் உண்டு. நம் பிள்ளைகளின் பாட்டி தாத்தாக்களுக்கு அது பால்மரக் காடு என்ற ரப்பர்த் தோட்டம், தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடு, விடியுமுன் ஆள் கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டிய பெரட்டுக்களம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று மலாயாவில் 1923-இல் சட்டம் வந்த காலத்திலிருந்து, தோட்டத்தை விட்டு வெளியேறும் வாசலாகவே நம் மக்கள் பள்ளியைப் பார்த்து வந்திருக்கிறார்கள். அந்த வாசலுக்கு உள்ளே பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் சிலருக்கு நெஞ்சு சுருக்கென்று தைக்கத்தான் செய்யும்.

முதல் ஆண்டில் ஒரு பாட்டி பள்ளி முடியும் நேரத்தில் வந்து என்னை நிறுத்தினார். “டீச்சர், நான் மம்பட்டி பிடிச்சே கை காய்ச்சுப் போனவ. என் பேரனும் அதத்தான் பிடிக்கணுமா?” என்று கேட்டார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவருடைய பேரனின் தோட்டக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். பயிற்றங்கொடியின் உயரத்தை நாள்தோறும் அளந்து, கட்டத்தாளில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்திருந்தான். பாட்டிக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. கோடு மேலே ஏறுவது தெரிந்தது. மூன்று வாரம் கழித்து அவரே காலையில் வந்து, பயிற்றங்கொடிக்குப் பந்தல் கட்டும்போது கம்புகளை எந்தச் சாய்வில் ஊன்றினால் காற்றுக்கு விழாது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். லயத்துக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் போட்டுக் குடும்பத்தை நடத்திய கைகளில் இருக்கும் அறிவுக்கு ஈடாகப் பயிற்சிப் பட்டறை எதையும் நான் கண்டதில்லை.

ஆகவே மண்ணைக் கொத்துவதற்கு முன், பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். தோட்டம் எந்தெந்தப் பாடத்துக்கு உதவும் என்பதைச் சொல்லுங்கள். தண்டனையாக ஒரு பிள்ளையையும் களை பறிக்க அனுப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை ஒருமுறை தோட்டத்துக்கு அனுப்பினால், ஆண்டு முழுவதும் சொல்லிக்கொடுத்தது பாழாகிவிடும்.

இடமும் அளவும்

காய்கறிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், பிள்ளைகளிடம் விடுங்கள். பள்ளி வளாகத்தில் மூன்று இடங்களில் குச்சி நட்டு, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் எந்த இடத்தில் வெயில், எந்த இடத்தில் கட்டடத்தின் நிழல் என்று ஒரு வாரம் குறிக்கச் சொல்லுங்கள். விதை போடுவதற்கு முன்பே முதல் பாடம் நடந்துவிடும். குழாயடி அருகில் இருப்பது கட்டாயம். எட்டு வயதுப் பிள்ளையால் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைத்தான் சிந்தாமல் தூக்க முடியும். முப்பது மீட்டர் நடக்க வேண்டியிருந்தால் இரண்டாம் வாரமே ஆர்வம் வற்றிவிடும்.

பாத்தியின் அகலத்தைப் பிள்ளையின் கை முடிவு செய்யட்டும். ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் எட்டும். இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்காருவதால் 90 சென்டிமீட்டர் அகலம் போதும். அதற்கு மேல் போனால் நடுப் பகுதிக்காகப் பாத்திக்குள் காலை வைத்து மண்ணை மிதித்து இறுக்கிவிடுவார்கள். நீளம் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை வகுப்பில் ஒவ்வொருவரின் கையையும் அளந்து, சராசரி கண்டு, அவர்களே முடிவு செய்தால் நல்லது.

முதல் ஆண்டில் மூன்று பாத்திக்கு மேல் வேண்டாம். நான் பன்னிரண்டு போட்டேன். இரண்டாவது மாதத்தில் அவற்றுள் எட்டில் களைதான் விளைந்தது. அதைப் பார்த்த பிள்ளைகளுக்குத் தாங்கள்தான் சோம்பேறிகள் என்ற எண்ணம் வந்துவிட்டது. தவறு என்னுடையது, குற்ற உணர்ச்சி அவர்களுடையது என்று ஆனதை இன்றும் மறக்க முடியவில்லை.

மண்ணும் சருகும்

பள்ளி வளாக மண் பெரும்பாலும் பள்ளம் தூர்ப்பதற்காக வெளியிலிருந்து கொட்டிய மண். ஒரு சாண் தோண்டினால் செங்கல் துண்டும் சிமென்டுக் கட்டியும் வரும். அதில் போராட வேண்டாம். மேலே பலகையோ செங்கல்லோ வைத்து 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண்ணிட்டு மேட்டுப் பாத்தி அமையுங்கள். பழைய டயர்களுக்குச் சாயம் பூசி அடுக்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதன் காரணத்தைக் கொசுவைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

மண்ணை அறிவதற்கு ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், மூடி போட்டு நன்றாகக் குலுக்கி மேசைமேல் வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி அடுத்த நாள்வரைகூடத் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருக்கும். மறுநாள் காலையில் அடுக்கடுக்காகத் தெரியும் பட்டைகளைக் கோலால் அளந்தால் நம் மண்ணில் எது மிகுதி என்று தெரிந்துவிடும். இந்தப் போத்தலைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும் நிலையை ஒருமுறை பார்த்துவிட்டால், படத்தை வரைந்து விளக்க உங்களுக்கே மனம் வராது.

உரத்தில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். செடி கொழுகொழுவென்று வர வேண்டும் என்ற ஆசையில் மட்காத கோழி எருவை இரண்டு பாத்திகளில் இட்டு, மறுநாளே நாற்றை நடச் சொன்னேன். ஆறு நாளில் இலை ஓரங்கள் கருகி, பத்தாம் நாள் ஒன்றுகூட நிற்கவில்லை. பச்சை எருவில் உள்ள அம்மோனியா இளம் வேரைச் சுட்டுவிடும் என்பதை அறியாமல் செய்த வேலை அது. பிள்ளைகளிடம் மறைக்காமல், “ஆசிரியர் தவறு செய்துவிட்டேன்” என்று சொல்லி, இரு பாத்திகளையும் எரு இடாத மூன்றாவது பாத்தியோடு ஒப்பிட்டு எழுதச் சொன்னேன். அந்த ஆண்டில் எழுதப்பட்ட குறிப்புகளிலேயே மிகத் தெளிவானவை அவைதாம். எரு எதுவானாலும் நன்றாக மட்கி, சூடு தணிந்து, மண் வாசனை வந்த பிறகே இடுங்கள்.

மட்கு உரத்தைப் பள்ளியிலேயே செய்யலாம். வளாகத்தில் கூட்டிக் குவிக்கும் சருகு மூன்று பங்கும், சிற்றுண்டிச் சாலையிலிருந்து வரும் பச்சைக் காய்கறித் தோலும் பழத் தோலும் ஒரு பங்கும் அடுக்கடுக்காகப் போட்டு, பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த பொடியாகிவிடும். சோறு, மீன், இறைச்சி எதுவும் சேரக் கூடாது, எலி வந்துவிடும். குவியல் போதிய அளவு பெரிதாக இருந்தால் நடுவில் 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடு ஏறும். நீண்ட வெப்பமானியைச் செருகி எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் பதியாதது, குவியலிலிருந்து எழும் ஆவியைக் கண்டதும் பதிந்துவிடும். சருகைக் கொளுத்தும் பழக்கம் எங்காவது இருந்தால் நிறுத்துங்கள். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்த வெளி எரிப்பு இங்கே குற்றம்.

இயற்கை உரங்களைப் பற்றி மேலும் கற்க விரும்புவோர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். இரசாயனம் கலக்காத விவசாயத்தை அவர்கள் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார்கள்.

எதை, எப்போது விதைப்பது

சமையலறையில் தொடங்குங்கள். வெந்தயம், கொத்தமல்லி, கடுகு, பச்சைப்பயறு எல்லாம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கும் விதைகள். பச்சைப்பயறு ஒரே நாளில் முளைவிடும். வெந்தயம் இரண்டு மூன்று நாளில். முதல் வாரத்திலேயே ஒரு வெற்றி கிடைத்தால்தான் மிளகாய்க்காக மூன்று மாதம் காத்திருக்கும் தெம்பு சிறு பிள்ளைக்கு வரும்.

அடுத்ததாக, முதல் பாத்தியில் கங்குங் கீரையும் தண்டுக்கீரையும் போடலாம். கங்குங் விதையை ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் 25 முதல் 30 நாளில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு கணு விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். இரண்டாவது பாத்தியில் பயிற்றங்காய். குழிக்கு இரண்டு விதை, குழிக்குக் குழி 30 சென்டிமீட்டர், இரண்டு மீட்டர் உயரப் பந்தல். ஐம்பது நாள் அளவில் காய்க்கும். மூன்றாவதில் வெண்டை. ஆணிவேர் உள்ள செடி ஆகையால் அதை நாற்றாக்கி இடம் மாற்றாமல் நேராகவே விதைக்க வேண்டும். மிளகாயும் கத்தரியும் நாற்றுத் தட்டில் நான்கு வாரம் வளர்ந்த பிறகு இடம் மாறும். அவற்றை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலியோரம் கறிவேப்பிலை, பாண்டான், செராய் (எலுமிச்சைப் புல்), கற்பூரவல்லி ஒவ்வொன்று வைத்துவிட்டால் அவை தம் பாட்டுக்கு வளரும்.

பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். வறண்ட காலத்தில் காலையும் மாலையும் தண்ணீர் தேவைப்படும். மழைக் காலத்தில் வடிகாலைத்தான் கவனிக்க வேண்டும்; நனைந்தே கிடக்கும் வேர் அழுகிவிடும்.

ஒன்றை மட்டும் ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ மறக்காமல் நடுங்கள்: மஞ்சள். எட்டு ஒன்பது மாதப் பயிர் ஆகையால் சரியாகப் பொங்கலுக்கு இலையும் கொத்துமாகத் தயாராகும். பொங்கல் பானையின் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்தைச் சந்தையில் வாங்காமல், தாங்கள் கிழங்காக ஊன்றிய இடத்திலிருந்தே பிள்ளைகள் மண்ணை உதறி எடுத்துவரும் காலைப் பொழுது ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிக்கும் வாய்க்க வேண்டும் என்று நான் மனமார ஆசைப்படுகிறேன்.

குறிப்பேடு

தோட்டத்தில் வேலை மட்டும் நடந்து குறிப்பேடு இல்லாவிட்டால், பிள்ளைக்கு உடற்பயிற்சிதான் மிஞ்சும். ஆளுக்கு ஒரு குறிப்பேடு. இருவருக்கு ஒரு சதுர மீட்டர் நிலம். தனக்கென்று ஒரு துண்டு நிலம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. ஜெர்மனியில் பிரெட்ரிக் ஃபுரோபெல் தம் மழலையர் பள்ளிக்கு 1840-இல் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது பிள்ளைகளின் தோட்டம் என்று பெயர் சூட்டினார். அங்கே பிள்ளைகள் தத்தமக்கென்று சிறு பாத்தி வைத்துப் பேணினார்கள். பொதுப் பாத்தியில் செடி வாடினால் யாருக்கும் வலிக்காது, தன் பாத்தியில் வாடினால் பிள்ளை இரவில் அம்மாவிடம் சொல்லி வருந்தும் என்பதை நானும் கண்டிருக்கிறேன்.

குறிப்பேட்டில் நாள்தோறும் நான்கு வரி போதும்: தேதி, வானிலை, அளந்த அளவு, புதிதாகக் கண்ட ஒன்று. அந்த நான்காவது வரிதான் உயிர். “செடி நன்றாக இருக்கிறது” என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள். எந்த இலை, எந்தப் பக்கம், என்ன நிறம் என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் அவர்கள் கண் கூர்மையாகிவிடும். வெண்டைப் பூ காலையில் விரிந்து மாலைக்குள் சுருங்கிவிடுவதை எங்கள் வகுப்பில் முதலில் எழுதியவள், வகுப்பில் கை தூக்காத ஒரு சிறுமி.

மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் தன் பயிற்றம் விதையை ஒவ்வொரு காலையும் தோண்டி, முளைத்துவிட்டதா என்று பார்த்து, மறுபடி புதைத்து வந்தான். திட்டினால் ஆசையே போய்விடும். ஒரு கண்ணாடிக் குவளையில் ஈரத் தாளைச் சுருட்டி வைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே ஒரு விதையைச் செருகி, “இதை எவ்வளவு வேண்டுமானாலும் பார்” என்று அவன் மேசையில் வைத்தேன். முதலில் வேர் வெளியே வந்து கீழே இறங்குவதைக் கண்டான். பிறகு யாரோ குவளையைத் தட்டிவிட்டார்கள். அது வார இறுதி முழுவதும் படுத்தே கிடந்தது. திங்கட்கிழமை அவன் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினான். பக்கவாட்டில் போயிருக்க வேண்டிய வேர் முழங்கை போல மடங்கிக் கீழ்நோக்கி இறங்கியிருந்தது. “டீச்சர், அதுக்கு கீழே எதுன்னு தெரியுது” என்றான். புவி ஈர்ப்புக்கு வேர் துலங்கும், அதாவது அதை உணர்ந்து அதற்கேற்ப வளரும் என்பது நான்காம் ஆண்டு அறிவியல் பாடம். அவன் அதை ஓர் ஆண்டு முன்னதாக, புத்தகம் திறக்காமல் கண்டுகொண்டான்.

நம் அறிவியல் பாடத்திட்டமே தாவரத்தை ஆண்டுதோறும் தொட்டுச் செல்கிறது: முதலாம் ஆண்டில் பாகங்கள், இரண்டில் வளர்ச்சி, மூன்றில் இனவிருத்தி, நான்கில் தூண்டலுக்குத் துலங்குதல். ஆகவே ஒரே பாத்தியை ஆறு வகுப்பும் வெவ்வேறு கண்ணால் பார்க்கலாம். இனவிருத்திக்குக் கங்குங் தண்டும் பாண்டான் கன்றும் இஞ்சிக் கிழங்கும் போதும். தொடுகைக்குத் துலங்கும் செடியைத் தேடி எங்கும் போக வேண்டாம். வேலியோரத் தொட்டாற்சிணுங்கியைக் களை என்று பறிக்காமல் ஒரு முழ இடத்தில் விட்டுவையுங்கள். கணிதத்துக்குப் பயிற்றங்காய்தான் அரசன். பிஞ்சு விட்ட நாளிலிருந்து அதை அளந்தால் ஒரே நாளில் சில சென்டிமீட்டர் நீளும். நீளத்தைச் சராசரி எடுக்கவும் பட்டைக் குறிவரைவு போடவும் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள்.

தமிழாசிரியரையும் தோட்டத்துக்கு அழைத்து வாருங்கள். எத்தனையோ பேர் இதை அறிவியல் ஆசிரியரின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இலை பிறந்து உதிரும்வரை கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வயதுக்கு ஒரு பெயர் வைத்த மொழி நம்முடையது. பூவுக்கு அரும்பு, மொட்டு, மலர், உதிர்ந்து வாடியதும் செம்மல். பிஞ்சிலும் மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்குக் குரும்பை. நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி. இவற்றைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்யச் சொன்னால் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடும். ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் கொழுந்தையும் தளிரையும் பழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கொழுந்தின் பிசுபிசுப்பும் தளிரின் வழுவழுப்பும் விரலுக்குத் தெரியும்போது சொல் விரலோடு ஒட்டிக்கொள்கிறது. பெயர்ப் பலகையில் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியிலும் எழுதுவதும் நல்லது. வெண்டையைப் பெண்டி என்றும் பயிற்றங்காயைக் காச்சாங் பாஞ்சாங் என்றும் சந்தையில் கேட்கும் பிள்ளைக்கு, தன் மொழிப் பெயர் தெரியாமல் போய்விடக் கூடாது.

தண்ணீரும் கொசுவும்

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்தில் ஒரு நாளை, எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமையை, கவிழ்க்கும் நாளாக வையுங்கள். நீர் தேங்கும் தட்டு, வாளி, மூடி, மூங்கில் துளை அனைத்தையும் இரண்டு பிள்ளைகள் பட்டியலோடு சுற்றிவந்து கவிழ்க்க வேண்டும். டயர்த் தொட்டியை நான் கைவிட்டது இதனால்தான். அதன் உள்வளைவில் தேங்கும் தண்ணீரைக் கவிழ்த்தும் முழுதாக வெளியேற்ற முடியாது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியையும் விட்டுவைக்காது என்பதைத் தலைமையாசிரியரும் அறிந்திருப்பார். மழைநீர்த் தொட்டி வைத்தால் கொசுவலையால் இறுக மூடுங்கள்.

வேலை நேரம் காலை ஒன்பதரைக்குள் முடியட்டும். தொப்பி, கையுறை, மூடிய காலணி, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல் ஆகியவற்றைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. நத்தையை மட்டும் வெறுங்கையால் தொட விடாதீர்கள். மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவை அது சுமக்கக் கூடும்.

பூச்சி வந்தால்

பயிற்றங்கொடியின் நுனியில் ஒரு நாள் கறுப்பாக அப்பியிருக்கும். அசுவினி. உடனே மருந்து தெளிக்க ஓடாதீர்கள். பள்ளி வளாகத்தில் பூச்சிக்கொல்லிக்கு இடமே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளை அழைத்து உருப்பெருக்கியைக் கொடுத்து ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே எறும்பு நடந்து, உணர்கொம்பால் ஒரு பூச்சியின் முதுகைத் தட்டும். பூச்சியின் பின்புறத்தில் ஒரு துளி இனிப்பு நீர் வரும். எறும்பு அதைக் குடிக்கும். நாம் மாட்டைக் கட்டிப் பால் கறப்பது போலத்தான் என்று சொல்ல வாய் துடிக்கும். சொல்லாதீர்கள், யாராவது ஒரு பிள்ளை சொல்லும். சில நாளில் பொறிவண்டின் குட்டிப் புழுக்கள் வந்து அசுவினியைத் தின்னத் தொடங்கும். அவை வருவதற்குள் தாக்குதல் மிகுந்துவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சோப்புக் கரைசலைக் கலந்து நுனியில் மட்டும் தெளித்தால் போதும்.

விடுமுறை

பள்ளித் தோட்டங்கள் மடிவது பெரும்பாலும் விடுமுறையில்தான். ஒரு வாரமானால் பாத்தியைச் சருகால் நான்கு விரற்கடை மூடி, முதல் நாள் நன்றாக நனைத்துவிட்டுப் போகலாம். நீண்ட விடுமுறைக்குப் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் ஐந்து குடும்பங்களிடம் முன்கூட்டியே பேசி, முறை வைத்துத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் காய்த்தது அந்தக் குடும்பத்துக்கு. பாதுகாவலருக்கும் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால், விடுமுறைக்கு முன்பே அறுத்து முடித்துச் சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டுவிடுங்கள். வேர் பிடித்த பிறகு அது அதிகம் கேட்காது.

அறுவடையும் விதையும்

விளைந்ததை அங்கேயே சாப்பிடுங்கள். வீட்டில் கீரையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கும் பிள்ளை, தான் அறுத்த கங்குங் என்றால் இரண்டாம் முறை கேட்டு வாங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எடை போட்டு, கட்டுக் கட்டி, ஆசிரியர்களுக்கு விற்றால் ரிங்கிட், சென் கணக்கும் நடக்கும். கிடைத்த பணத்தை அடுத்த பருவ விதைக்கென்று பிள்ளைகளே பெட்டியில் போட்டுப் பேரேட்டில் எழுதட்டும். காய்ப்பு முடிந்த பயிற்றங்கொடியைப் பிடுங்கும்போது வேரில் தொங்கும் சிறு முடிச்சுகளைக் காட்ட மறக்காதீர்கள். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றில் உள்ள நைட்ரசனை மண்ணுக்கு உரமாக்கும் நுண்ணுயிர்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. அதே இடத்தில் அடுத்துக் கீரை போட வேண்டிய காரணத்தை அந்த முடிச்சே சொல்லும்.

ஆண்டு முடியும்போது வண்டி ஏற்பாடு செய்ய முடிந்தால், தண்ணீர்மலைக்கு அருகில் உள்ள பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குக் குறிப்பேட்டோடு அழைத்துச் செல்லுங்கள். 1884-இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவில் நாகலிங்க மரம் நிற்கிறது. பூ கிளை நுனியில் பூக்காமல் அடிமரத்திலேயே பூப்பதைப் பார்த்து, ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஓராண்டு பாத்தியில் உட்கார்ந்த பிள்ளைகள் மரத்தைச் சுற்றி ஓடாமல் நின்று பார்ப்பார்கள்.

கடைசி வேலை விதை எடுப்பது. ஒவ்வொரு பாத்தியிலும் நன்றாகக் காய்த்த கொடியில் இரண்டு பயிற்றங்காயையும், ஒரு வெண்டைச் செடியில் இரண்டு காயையும் சிவப்பு நூல் கட்டிப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். காய் முற்றி, தோல் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று ஓசை வரும்போது பறித்து, விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, தாள் உறையில் இடுங்கள். உறையின்மேல் பயிரின் பெயர், எடுத்த நாள், பாத்தி எண், வளர்த்த இருவரின் பெயர் ஆகியவற்றை ஆறாம் ஆண்டு மாணவர்கள் தம் கையாலேயே எழுத வேண்டும். உறைகளை இறுகிய மூடியுள்ள போத்தலில் போட்டு அலமாரியில் வைத்திருந்து, அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் முதன்முதலாகத் தோட்டத்துக்கு வரும் நாளில், ஆளுக்கு ஓர் உறையைக் கொடுத்து, மேலே எழுதியிருக்கும் அண்ணன் அக்காவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.